பிரைவேட் போட்ட பிறகும் தரவு ஏன் மாறுகிறது?

1997 ஏப்ரல் கடைசியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று ஜாவா என்ற நிரல் மொழியில் இருந்த பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்றை வெளியே சொன்னது. இணையப் பக்கத்தோடு சேர்ந்து இறங்கி உலாவிக்குள்ளேயே ஓடும் ஆப்லெட்டுகள் பிரபலமாக இருந்த காலம் அது. யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் ஓடுகிறது என்பதால், அது நம் கோப்புகளைத் தொடாதபடி ஜாவா கட்டுப்பாடு வைத்திருந்தது. நாம் நம்பும் ஒருவர் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஆப்லெட்டுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம்.

எந்தக் கிளாஸுக்கு (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்து எழுதும் நிரல் பகுதி) யார் கையெழுத்திட்டார்கள் என்ற விவரத்தை ஜாவா தனக்குள் ஒரு அர்ரேயில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) வைத்திருந்தது. ‘கெட்சைனர்ஸ்’ என்ற மெத்தட்டை, அதாவது கிளாஸுக்குள் எழுதிய செயலை, கூப்பிட்டால் அந்த விவரம் கிடைக்கும். ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயின் 1.1.1 பதிப்பில் அந்த மெத்தட், உள்ளே இருந்த அதே அர்ரேயை எடுத்துக் கேட்டவர் கையில் கொடுத்தது. ஆப்லெட் அதை வாங்கி, தனக்குக் கையெழுத்திட்டவர் இருந்த இடத்தில் அந்தக் கணினி நம்பும் வேறொருவரை வைத்துவிட்டால் முடிந்தது. ஜாவாவே அந்த ஆப்லெட்டை நம்பகமானவரின் நிரல் என்று எடுத்துக்கொள்ளும், கோப்புகளும் திறந்துவிடும். ரகசியக் குறியீட்டை உடைக்க வேண்டியதில்லை, கடவுச்சொல்லைத் திருட வேண்டியதில்லை. ஒரு அர்ரேயில் சாதாரணமாக ஒரு மதிப்பை எழுதினாலே போதும். ஜேடிகே 1.1.2-ல் இதைச் சரிசெய்தார்கள். அர்ரேயின் நகலை முதலிலேயே கொடுத்திருந்தால் இந்த ஓட்டையே இருந்திருக்காது.

கிளாஸை அச்சாக வைத்து உருவாக்கும் ஆப்ஜெக்ட்களைக் கொண்டு எழுதும் ‘ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம்’ படிக்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் பாடம், தரவை ‘பிரைவேட்’ ஆக்கு, மெத்தட் வழியாக மட்டும் அணுகு என்பது. அந்த அர்ரேயும் உள்ளேதான் இருந்தது, மெத்தட் வழியாகத்தான் வெளியே வந்தது. பாடத்தில் சொன்னபடி எல்லாம் நடந்தும் தரவு பறிபோனது. அந்தப் பாடம் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

பிரைவேட் என்ற சொல் உண்மையில் ஒரு பெயரைத்தான் மறைக்கிறது. ‘இந்தக் கிளாஸுக்கு வெளியே இந்தப் பெயரை எழுதாதே’ என்று, நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஜாவா, பைத்தான், சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் ஒரு மாறிக்குள் (வேரியபிள்) அர்ரேயோ லிஸ்டோ நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை. அது நினைவகத்தில் வேறெங்கோ இருக்கிறது, மாறியில் இருப்பது அதைக் காட்டும் ரெஃபரன்ஸ். அதே லிஸ்டைக் காட்டும் இன்னொரு ரெஃபரன்ஸ் வேறொருவர் கையில் இருந்தால், உங்கள் மாறியின் பெயரைத் தொடாமலேயே அவர் உங்கள் தரவை மாற்றலாம். இப்படி ஒரே பொருளைப் பல பெயர்கள் காட்டுவதை ‘ஏலியாசிங்’ என்பார்கள். ஆப்ஜெக்ட்டின் தரவைக் காப்பது என்றால் அந்தத் தரவுக்கு எத்தனை பேரிடம் ரெஃபரன்ஸ் இருக்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவது. அதில் ஒரு சிறு பகுதிதான் பிரைவேட்.

மறைத்தல் என்ற யோசனையே இதைவிடப் பெரியது. 1972-ல் டேவிட் பார்னஸ் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, பெரிய நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்பதைப் பற்றியது. ஒவ்வொரு பகுதியும் பின்னாளில் மாறக்கூடிய ஒரு வடிவமைப்பு முடிவைத் தனக்குள் ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். ஒளிக்க வேண்டியது தரவு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்ற முடிவை. அர்ரேயா லிஸ்டா என்பதே வெளியே தெரியக்கூடாது என்னும்போது, அந்த அர்ரேயையே தூக்கிக் கொடுப்பதற்கு அங்கே இடமே இல்லை. அப்புறம் வந்த மொழிகள் இந்த யோசனையை ஒரு குறிச்சொல்லாகச் சுருக்கிக்கொண்டன. நாமும் அந்தக் குறிச்சொல்லை எழுதியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். தேர்வு முடிவுகளுக்கான மென்பொருளில் ‘மதிப்பெண் பட்டியல்’ என்று ஒரு கிளாஸ். உள்ளே ஆறு எண்கள் கொண்ட ஒரு பிரைவேட் அர்ரே: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்ற வரிசையில். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் அந்த அர்ரேயை வாங்கி, ஒவ்வொரு மதிப்பெண்ணும் 0 முதல் 100-க்குள் இருக்கிறதா என்று பார்த்து, மொத்தத்தைக் கூட்டி இன்னொரு மாறியில் வைத்துக்கொள்கிறது. மதிப்பெண்களைப் படித்துத் தரும் மெத்தட்டான கெட்டர் ஒன்று இருக்கிறது, அவற்றை மாற்றும் செட்டரே கிடையாது. முடிவு வெளியான பிறகு யாரும் மாற்றக்கூடாது என்பது நோக்கம்.

இப்போது அதே குழுவில் இன்னொருவர், மாணவரின் மிக உயர்ந்த மூன்று மதிப்பெண்களைத் திரையில் காட்ட ஒரு சிறு ஃபங்ஷன் எழுதுகிறார். கெட்டரைக் கூப்பிட்டு அர்ரேயை வாங்குகிறார். அதை வரிசைப்படுத்துகிறார். கடைசி மூன்றை எடுத்துக் காட்டுகிறார். அவர் எழுதியதில் தப்பே இல்லை. ஆனால் ஜாவாவின் அர்ரே சார்ட் இருக்கும் இடத்திலேயே வரிசையை மாற்றும். அந்தத் திரையை ஒருமுறை திறந்த மாணவருக்கு, அப்புறம் அச்சாகும் பட்டியலில் தமிழுக்கு நேரே அவருடைய மிகக் குறைந்த மதிப்பெண் இருக்கும், கணினி அறிவியலுக்கு நேரே மிக அதிகமானது. மொத்தம் மட்டும் சரியாகவே இருக்கும், அதனால் எந்தச் சரிபார்ப்பிலும் இது சிக்காது. திரையைத் திறக்காத மாணவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். இந்த மாதிரிப் பிழையைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்பது தேடியவர்களுக்குத் தெரியும். பிழை தெரியும் இடத்துக்கும் பிழை நடந்த இடத்துக்கும் தொடர்பே இருக்காது.

கெட்டர் மட்டும் வழி இல்லை. கன்ஸ்ட்ரக்டருக்கு அர்ரேயைக் கொடுத்தவரிடமும் அதே ரெஃபரன்ஸ் இன்னும் இருக்கிறது. கோப்பிலிருந்து ஒவ்வொரு மாணவராகப் படிக்கும் நிரல், சிக்கனம் என்று நினைத்து ஒரே அர்ரேயை மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தினால், எல்லா மாணவர்களின் பட்டியலிலும் கடைசி மாணவரின் மதிப்பெண்களே இருக்கும். மொத்தம் மட்டும் அவரவருடையது. ஆக, உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டையும் காக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டர் தனக்கு வந்த அர்ரேயை நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், கெட்டர் நகலைத்தான் கொடுக்க வேண்டும். நிலப் பத்திரத்தை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் கொடுப்போம், ஒரிஜினலைக் கொடுக்க மாட்டோம் அல்லவா, அதே நியாயம்தான். இதற்கு ‘டிஃபென்சிவ் காப்பி’ என்று பெயர்.

உள்ளே வரும் நகலில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் நகலெடுக்க வேண்டும், அப்புறம் நகலைத்தான் சரிபார்க்க வேண்டும். வந்த அர்ரேயைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு நகலெடுத்தால், அந்த இரண்டு செயல்களுக்கும் நடுவில், அதே நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இன்னொரு த்ரெட் (தனி வேலை ஓட்டம்) அர்ரேயை மாற்றிவிட முடியும். 85 என்று பார்த்து ஒப்புக்கொண்டது, நகலில் 850 ஆக இருக்கும். சரிபார்த்த நேரத்துக்கும் பயன்படுத்திய நேரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி, பாதுகாப்புத் துறையில் தனியாகப் பெயர் வைத்துப் படிக்கும் அளவுக்குப் பழைய பிரச்சினை.

நகல் எவ்வளவு ஆழம் என்பது அடுத்த கேள்வி. எண்கள் கொண்ட அர்ரே என்றால் ஒரு நகல் போதும். ஆப்ஜெக்ட்கள் கொண்ட லிஸ்ட்டை நகலெடுத்தால், புது லிஸ்ட் கிடைக்கும், ஆனால் இரண்டு லிஸ்ட்டும் அதே ஆப்ஜெக்ட்களைத்தான் காட்டும். லிஸ்ட்டில் சேர்ப்பதும் நீக்குவதும் உங்களைப் பாதிக்காது, உள்ளே இருக்கும் ஒன்றை மாற்றினால் பாதிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2009-ல் வந்த ‘ஆப்ஜெக்ட் ஃப்ரீஸ்’ இதே குணமுடையது, மேல் அடுக்கை மட்டும்தான் உறைய வைக்கும். அதிலும் விதிகளைக் கண்டிப்பாகப் பார்க்கும் ‘ஸ்ட்ரிக்ட் மோடு’ இல்லாமல் ஓடும் நிரலில், உறைந்த ஆப்ஜெக்ட்டில் எழுத முயன்றால் பிழைச் செய்தி கூட வராது, எழுதியது சத்தமில்லாமல் காணாமல் போகும். ஜாவாவின் ‘ஃபைனல்’, ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘கான்ஸ்ட்’ இரண்டும் இன்னும் குறைவாகத்தான் உறுதி தருகின்றன. மாறி வேறொன்றைக் காட்டாது என்பதோடு சரி. ஃபைனல் லிஸ்ட்டில் எதையும் தாராளமாகச் சேர்க்கலாம். புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஜாவாவில் ‘அன்மாடிஃபையபிள் லிஸ்ட்’ என்று ஒன்று கிடைக்கிறது. அதைக் கெட்டரில் கொடுத்தால், வாங்கியவர் மாற்ற முயலும்போது எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போது எழும் பிழை, வரும். நல்லதுதான். ஆனால் அது அசல் லிஸ்ட்டைப் பார்க்கும் ஒரு ஜன்னல் போன்றதுதான். அசல் மாறினால் வாங்கியவருக்கும் மாறித் தெரியும். கன்ஸ்ட்ரக்டரில் வந்த லிஸ்ட்டை இதில் சுற்றி வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. கொடுத்தவர் கையில் அசல் இருக்கும்வரை பாதுகாப்பு இல்லை. 2018-ல் ஜாவா 10-ல் வந்த ‘லிஸ்ட் காப்பிஆஃப்’ தனியான, மாற்ற முடியாத லிஸ்ட்டை உருவாக்குகிறது. கொடுத்த லிஸ்ட் ஏற்கெனவே அந்த வகை மாறா லிஸ்ட்டாக இருந்தால் பெரும்பாலும் வீணாக நகலெடுப்பதும் இல்லை. உள்ளே வரும் வழிக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

நகலுக்கு விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜாவாவின் திரை வரையும் நூலகத்தில், ஒரு கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துத் தரும் ‘கெட்சைஸ்’ மெத்தட், ‘டைமென்ஷன்’ என்ற ஆப்ஜெக்ட்டைத் தருகிறது. டைமென்ஷன் மாற்றக்கூடிய கிளாஸ் என்பதால், கூப்பிடும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உருவாக்கித்தான் தர வேண்டும். திரை வரையும் நிரல் இதை ஓயாமல் கூப்பிடும். இதன் சுமையைக் குறைக்க, அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனி மெத்தட்டுகளைப் பிற்காலத்தில் சேர்த்தார்கள். டைமென்ஷனை மாறாத கிளாஸாக ஆக்கியிருந்தால் ஒரே ஆப்ஜெக்ட்டை எல்லோருக்கும் பயமில்லாமல் கொடுத்திருக்கலாம். இன்றும் ஜாவாவில் ‘ஈனம்’ (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் கொண்ட வகை) ஒன்றின் எல்லா மதிப்புகளையும் கேட்டால் ஒவ்வொரு முறையும் புது அர்ரே வருகிறது. காரணம் அதேதான், மாறாத அர்ரே என்று ஒன்று ஜாவாவில் கிடையாது.

ஆகவே சிறந்த பாதுகாப்பு, மாற்றவே முடியாத ஆப்ஜெக்ட். உருவாகும்போது என்ன மதிப்போ அதுதான் கடைசிவரை. மாற்றம் வேண்டுமானால் புது ஆப்ஜெக்ட் கிடைக்கும். எழுத்துத் தொடரை வைக்கும் ஜாவாவின் ஸ்ட்ரிங் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். கோப்பின் பெயரை அனுமதி சரிபார்க்கும் நிரலிடம் ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிட்டு, அது ஒப்புக்கொண்ட பிறகு எழுத்துகளை மாற்ற முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும், காரணம் புரியும்.

அதே ஜாவாவின் ‘டேட்’ கிளாஸ் எதிர்த் திசையில் போனது. ஒரு தேதியை உருவாக்கி, அதே ஆப்ஜெக்ட்டின் ஆண்டையும் மாதத்தையும் மாற்றலாம். பணியாளரின் சேர்ந்த தேதியைக் கெட்டர் வழியாக வாங்கி, ‘இதிலிருந்து ஒரு வருடம் கழித்து’ என்று கணக்கிட ஆண்டைக் கூட்டினால், அவர் சேர்ந்த தேதியே ஒரு வருடம் தள்ளிப்போகும். தேதி என்பது 7 என்ற எண்ணைப் போன்ற ஒரு மதிப்பு, அதை மாற்றக்கூடியதாகச் செய்தது தவறான வடிவமைப்பு. இதற்கு மாற்றாக ஸ்டீஃபன் கோல்போர்ன் உருவாக்கிய ஜோடா-டைம் நூலகத்தின் அனுபவம், 2014-ல் ஜாவா 8-ன் புதிய தேதி நூலகமாக வந்தது. அதன் ‘லோக்கல்டேட்’ மாறாதது. ஒரு வருடம் கூட்டினால் புதுத் தேதி வரும், பழையது அப்படியே இருக்கும். டேட் வைத்திருந்த ஒவ்வொரு கிளாஸிலும் எழுத வேண்டியிருந்த நகல் வரிகள் எல்லாம் அதோடு தேவையற்றுப் போயின.

மாறாத ஆப்ஜெக்ட்டுக்கு இன்னொரு பெரிய பயன், பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் படித்தாலும், ஒன்று முடிக்கும்வரை மற்றதைக் காக்க வைக்கும் லாக் தேவைப்படாது. ஆனால் இதுவும் தானாக நடந்துவிடவில்லை. பழைய ஜாவாவில் ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து ஒரு பகுதியை வெட்டினால், இரண்டும் ஒரே எழுத்து அர்ரேயைப் பகிர்ந்துகொண்டன. எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற இரண்டு எண்கள் மட்டும் தனித்தனி. ‘/யூஎஸ்ஆர்/டெம்ப்’ என்ற பாதையிலிருந்து ‘/டெம்ப்’ என்ற பின்பகுதியை வெட்டி இன்னொரு த்ரெட்டிடம் கொடுத்தால், தொடங்கும் இடத்தின் எண் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது பூஜ்யமாகத் தெரிய வாய்ப்பிருந்தது. அதாவது அந்த த்ரெட் முதலில் ‘/யூஎஸ்ஆர்’ என்று படிக்கும், கொஞ்சம் கழித்து அதே ஸ்ட்ரிங்கை ‘/டெம்ப்’ என்று படிக்கும். மாறவே மாறாது என்று எல்லோரும் நம்பிய ஆப்ஜெக்ட், பார்ப்பவர் கண்முன்னே மாறுகிறது. 2004-ல் வந்த ஜாவா 5 நினைவக விதிகளைத் திருத்தி எழுதியது. கன்ஸ்ட்ரக்டர் ஒழுங்காக முடிந்திருந்தால், ஃபைனல் புலங்களை (கிளாஸுக்குள் இருக்கும் மாறிகளை) எல்லா த்ரெட்களும் சரியான மதிப்போடுதான் பார்க்கும் என்ற உறுதி அப்போதுதான் கிடைத்தது. மாறாத கிளாஸில் புலங்களுக்கு ஃபைனல் போடுவது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

ஜாவா 16-ல் உறுதியான ‘ரெக்கார்ட்’ மாறாத கிளாஸை ஒரே வரியில் எழுத வைக்கிறது. ஆனால் ரெக்கார்டுக்குள் அர்ரே வைத்தால் அதை வெளியே தரும் மெத்தட் அதே அர்ரேயைத்தான் தரும். 1997-ல் நடந்த அதே தவறை இன்றைய மொழி வசதியிலும் செய்ய முடியும் என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரண வழியில் வருபவர்களைப் பற்றி. மொழியின் பின்வாசல்கள் வேறு இருக்கின்றன. ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைப் பார்க்கவும் கையாளவும் உதவும் ஜாவாவின் ‘ரிஃப்ளெக்ஷன்’ மூலம் பிரைவேட் புலத்தையும் திறந்து மாற்றலாம், பல நேரம் ஃபைனல் புலத்தையும் மாற்றலாம். ஸ்பிரிங், ஹைபர்நேட் போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் (ஆயத்த நிரல் சட்டகங்கள்) இதை நம்பித்தான் வளர்ந்தன. 2021-ல் வந்த ஜாவா 17, ஜேடிகேயின் சொந்த உள்பகுதிகளுக்கு இந்த வழியைப் பெரும்பாலும் மூடியது. ஜாவா 8-லிருந்து நேரே 17-க்குத் தாவிய பல குழுக்களுக்குப் பழைய நூலகங்கள் எக்ஸெப்ஷன் வீசியது அதனால்தான். ரெக்கார்டின் புலங்களை ரிஃப்ளெக்ஷனாலும் மாற்ற முடியாது.

பைத்தான் நேர்மையாக வேறு நிலைப்பாடு எடுத்தது. பெயருக்கு முன் ஒரு அடிக்கோடு போட்டால், ‘இது உள்விவகாரம், தொடாதீர்கள்’ என்று சக நிரலாளருக்குச் சொல்லும் வழக்கம் மட்டுமே. இரண்டு அடிக்கோடு போட்டால் பெயரோடு கிளாஸின் பெயரும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அது துணைக் கிளாஸ்களில் பெயர் மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு. முழுப் பெயரை எழுதினால் யாரும் தொடலாம். சி பிளஸ் பிளஸில் தடுப்பு கம்பைல் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. நினைவக முகவரி தெரிந்தால் எதையும் எழுதலாம். தன் மொழியின் அணுகல் கட்டுப்பாடு தற்செயலான தவறிலிருந்து காக்கத்தான், வேண்டுமென்றே செய்யும் மோசடியிலிருந்து காக்க இல்லை என்று அதை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

மோசடியையும் மொழிக்குள்ளேயே தடுப்பேன் என்று கிளம்பிய ஜாவா, இன்று அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டது. ஆப்லெட்டுகள் போய்விட்டன. அவற்றைக் கட்டுப்படுத்திய ‘செக்யூரிட்டி மேனேஜர்’ 2025-ல் ஜாவா 24-ல் நிரந்தரமாக முடக்கப்பட்டது. நம்ப முடியாத நிரலை இன்று மற்ற நிரல்களிலிருந்து பிரித்து வைக்கும் தனி ப்ராசஸிலோ கண்டெய்னரிலோ ஓட்டுகிறோம். அதனால் ஆப்ஜெக்ட்டின் தரவைக் காப்பது தேவையற்றதாகிவிடவில்லை. நம் நிரல்களைக் கெடுப்பது பெரும்பாலும் எதிரி இல்லை. மதிப்பெண்ணை வரிசைப்படுத்திய அந்த நல்ல மனிதர்தான், அல்லது ஆறு மாதம் கழித்து அதே நிரலைத் திறக்கும் நாமேதான்.

எல்லா ஆப்ஜெக்ட்டும் மாறாமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. கையிருப்பு குறையும், ஆர்டரின் நிலை மாறும். அங்கே தவறு பெரும்பாலும் செட்டரில் தொடங்குகிறது. 1997-ல் ஜேடிகே 1.1-ஓடு வந்த ஜாவாபீன்ஸ், கெட்டர் செட்டர் பெயர் வழக்கத்தை நிலைநாட்டியது. திரையை வடிவமைக்கும் கருவிகள் ஒரு பொத்தானின் நிறத்தையும் அளவையும் கண்டுபிடித்து மாற்றுவதற்கான ஏற்பாடு அது. அந்தத் தேவைக்குப் பொருத்தமானதுதான். அப்புறம் எல்லாக் கிளாஸுக்கும் எல்லாப் புலத்துக்கும் செட்டர் எழுதுவது பழக்கமாகிவிட்டது, எடிட்டரே ஒரே சொடுக்கில் எழுதியும் தருகிறது. எந்த விதியும் பார்க்காத செட்டர் இருக்கும் பிரைவேட் புலம், பப்ளிக் புலத்துக்குச் சமம்தான். கையிருப்புக்கு ‘செட்’ வேண்டாம், ‘விற்றோம்’, ‘வந்தது’ என்று நடப்பதைச் சொல்லும் மெத்தட்டுகள் போதும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி அவற்றுக்குள் ஒரே இடத்தில் இருக்கும், அதைத் தாண்டி யாரும் எண்ணைத் தொட முடியாது.

ஏலியாசிங்கை மொழியே நேரடியாகக் கையாள முடியும் என்பதை 2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி காட்டியது. ஒரு தரவைப் படிக்கும் ரெஃபரன்ஸ்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், அல்லது மாற்றும் ரெஃபரன்ஸ் ஒன்றே ஒன்று இருக்கலாம், இரண்டும் ஒரே சமயத்தில் கூடாது. மதிப்பெண் பட்டியல் படிப்பதற்கான ரெஃபரன்ஸை மட்டும் கொடுத்திருந்தால், வரிசைப்படுத்தும் அந்த வரியை ரஸ்ட் கம்பைலர் ஏற்காது. அங்கேயே நிறுத்திவிடும், நகல் எடுத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

மற்ற மொழிகளில் அந்த வேலை நம்முடையது. அதற்கு, நிரலின் ஒரு சிறு பகுதியைத் தானாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் நல்ல துணை. ஆப்ஜெக்ட்டை உருவாக்கக் கொடுத்த அர்ரேயை உருவாக்கிய பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும். கெட்டர் தந்த அர்ரேயையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பிறகு மீண்டும் கெட்டரைக் கூப்பிட்டால் பழைய மதிப்புகளே பழைய வரிசையில் வர வேண்டும். பத்து வரிகூட ஆகாத டெஸ்ட் இது. நகலெடுக்கும் வரியை யாராவது வேகத்துக்காகப் பின்னாளில் நீக்கினால், அன்றைக்கே இது தோல்வியைக் காட்டிச் சிவப்பாகிவிடும்.